வளவுக்கு நிறம் இல்லை

கடந்த பள்ளி விடுமுறையில் என் மருமகன், அக்காவின் கடைசிப் பெடியன், லெப்டொப்பில், நகரம் கட்டும் விளையாட்டு ஒன்றில், செட்டிபாளையத்தைக் கட்டத் தொடங்கினான். கிழக்கே கடல். மேற்கே வாவி. நடுவே வடக்குத் தெற்காக ஓடும் பிரதான வீதி. அதிலிருந்து ஒரு பக்கம் கடலுக்கும் மறுபக்கம் வாவிக்கும் இறங்கும் குறுக்கு வீதிகள். கூகுள் வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு நிலத்தை அச்சொட்டாக வார்த்துவிட்டான். தென்னைகூட நட்டான். வீடுகளை வைக்கப் போன இடத்தில் கை நின்றுவிட்டது.

“மாமா, பெத்தாட கடைய எங்க வைக்கிற?”

பெத்தா என்றது என் அம்மாவை. அவரின் கடை வீட்டு விறாந்தையில் இருக்கிறது. சீனி, பருப்பு, தீப்பெட்டி, கொப்பி, காலையில் கொஞ்சம் அப்பம். கடைக்குப் பின்னால் அடுப்படி. அதற்குப் பின்னால் கோழிக்கூடும் கத்தரிப் பாத்தியும். அதற்கும் பின்னால் தங்கச்சியின் வீடு. விளையாட்டிலோ பச்சை பூசினால் வீடு வரும், நீலம் பூசினால் கடை வரும், மஞ்சள் பூசினால் தொழிற்சாலை வரும். ஒரே நிலத்துக்கு இரண்டு நிறம் பூச வழியில்லை.

“ரெண்டையும் ஒண்டா வைக்க ஏலா மாமா. கடையெண்டா கடைதான். வீடெண்டா வீடுதான்.”

செட்டிபாளையம் என்றதும் தமிழ்நாட்டு வாசகர்களுக்குக் கோயம்புத்தூர்ச் செட்டிபாளையம் நினைவுக்கு வரலாம். கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற கார்ப் பந்தயத் தடம் இருக்கும் ஊர் அது. எங்கள் செட்டிபாளையம் மட்டக்களப்பு நகரத்துக்குத் தெற்கே, குருக்கள்மடத்துக்கும் தேற்றாத்தீவுக்கும் இடையில், வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையில் இருக்கிறது. காலால் நடந்தே பிழைத்து வந்த ஊர். அதைக் கட்ட முடியாத ஒரு விளையாட்டை எங்கள் பிள்ளைகள் விரும்பி விளையாடுகிறார்கள். ஏன் முடியவில்லை என்று அன்றிரவு முழுக்க யோசித்தேன். அந்த யோசனைதான் இந்தக் கட்டுரை.

நிறம் பூசும் வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1984இல் வெளிவந்த ‘ரெய்ட் ஒன் பங்கெலிங் பே’ என்ற விளையாட்டுக்காக வில் ரைட் என்ற அமெரிக்கர் தீவுகளை வரைந்துகொண்டிருந்தார். அவற்றைக் குண்டு போட்டு அழிப்பதைவிடக் கட்டுவதுதான் தனக்குச் சந்தோசம் தருகிறது என்று கண்டுகொண்டார். அங்கிருந்து பிறந்தது 1989இன் ‘சிம்சிட்டி’. நகரம் எப்படி வளரும், எப்படித் தேயும் என்ற கணக்கை எம்.ஐ.டி. பேராசிரியர் ஜெய் ஃபொரெஸ்ட்டர் 1969இல் எழுதிய ‘அர்பன் டைனமிக்ஸ்’ நூலிலிருந்து பெருமளவுக்கு எடுத்துக்கொண்டார். நிலத்தை வீடு, கடை, தொழில் என மூன்றாகப் பிரிப்பதை அவர் தன் நாட்டு வழக்கத்திலிருந்து எடுத்தார். நியூயோர்க் 1916இல் நகரம் முழுமைக்கும் நிலப் பயன்பாட்டு விதிகளை வகுத்தது. ஒஹாயோ மாநிலத்தில் யூக்ளிட் என்ற சிறிய ஊர், வீட்டுப் பகுதியில் வேறு கட்டிடம் வரக் கூடாது என்று போட்ட சட்டத்தை 1926இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சரியென்றது. அதன் பிறகு அந்த நாடு முழுக்க வரைபடங்களில் நிறம் ஏறியது. புகை கக்கும் தொழிற்சாலையை வீட்டிலிருந்து தள்ளி வைப்பதில் நியாயம் இருந்தது. சீனியும் பருப்பும் விற்கும் விறாந்தையையும் அதே கோட்டால் வெட்டியதில் எந்த நியாயமும் இல்லை.

ஒரு நாட்டின் ஒரு காலத்துச் சட்டம், விளையாட்டுக்குள் போனதும் இயற்கை விதிபோல ஆகிவிட்டது. மழை மேலிருந்து விழும், கடை வீட்டிலிருந்து விலகி இருக்கும் என்று எங்கள் பிள்ளைகள் ஒரே மூச்சில் கற்றுக்கொள்கிறார்கள். என் மருமகன் விளையாடும் ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ பின்லாந்தில் தம்பெரே நகரத்து நிறுவனமான கொலோசல் ஓர்டர் உருவாக்கியது, 2015இல் வெளிவந்தது. 12 மில்லியனுக்கு மேல் விற்றது. நல்ல விளையாட்டுத்தான், குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரு பிள்ளையை மணிக்கணக்காக வீதி, தண்ணீர், குப்பை, பஸ் பற்றி யோசிக்க வைக்கும் விளையாட்டு வேறு எது இருக்கிறது? அதனால்தான் அது எதை விட்டுவிட்டது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அது விட்டது வளவை.

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். நானே களுதாவளைக்கு மாப்பிள்ளையாய்ப் போனவன்தான். அக்கா கலியாணம் முடித்தபோது அப்பா கட்டிய கல்வீடு அவருக்குப் போனது. அப்பாவும் அம்மாவும் வளவின் முன்பக்கம், வீதியோரமாக, இரண்டு அறையும் ஒரு விறாந்தையும் போட்டு இறங்கினார்கள். அந்த விறாந்தைதான் கடையானது. தங்கச்சிக்கு முறை வந்தபோது பின்பக்கத்தில் ஒரு வீடு எழுந்தது. இப்போது ஒரு வளவுக்குள் மூன்று அடுப்பு, ஒரு கிணறு, ஒரு கடை, அத்தானின் சைக்கிள் திருத்துமிடம். எந்தத் திட்டமிடல் அலுவலகமும் இதை வரையவில்லை. மூன்று கலியாணங்கள் வரைந்தன.

இது எங்கள் ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல. தாய்வழிக் குடிமுறை உள்ள மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரம் முழுக்க ஊர்கள் இப்படித்தான் நெருங்கின. அக்கரைப்பற்றில் நீண்ட காலம் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்தச் சீதன வீட்டு முறையை விரிவாக எழுதியிருக்கிறார். முஸ்லிம் ஊர்களிலும் இதே வழக்கம் இருப்பதை அவர் காட்டுகிறார். அக்கா தங்கச்சிமாரின் வீடுகள் அடுத்தடுத்து இருக்கும். இடையில் உள்ள வேலியில் ஒரு கடப்பு இருக்கும். பிள்ளையை மாமியிடம் விட்டுவிட்டு, கறி கொஞ்சம் பெரியம்மாவிடம் வாங்கிக்கொண்டு, வீதிக்கே வராமல் ஒரு காலைப் பொழுதை முடித்துவிடலாம். நடந்து வாழக்கூடிய நகரம் வேண்டும் என்று உலகத் திட்டமிடலாளர்கள் பேசும்போது தூரத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். 15 நிமிட நகரம் என்ற கருத்தை 2016இல் முன்வைத்த பாரிஸ் பேராசிரியர் கார்லோஸ் மொரேனோவும் நேரத்தைக் கொண்டுதான் அளக்கிறார். எங்கள் ஊரில் தூரம் குறைந்தது உறவால்.

ஸ்கைலைன்ஸில் தங்கச்சியின் வீட்டைக் கட்டவே முடியாது. அங்கே ஒவ்வொரு கட்டிடமும் ஒரு வீதியைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். வீதியோரத்திலிருந்து நான்கு கட்டம் உள்ளேதான் நிறம் ஏறும். அதற்கு அப்பால் இருப்பது வெறும் புல். மருமகன் பின்பக்கத்துக்கு ஒரு வீதி போட்டுப் பார்த்தான். கிணறும் கத்தரிப் பாத்தியும் போன இடம் தெரியவில்லை. பெத்தாவின் கடைக்காகச் சந்தியில் நீலம் பூசினான். யாரோ ஒருவரின் கண்ணாடிக் கட்டிடம் முளைத்தது. “இது பெத்தாட கடை இல்ல” என்று இடித்துவிட்டான்.

2023 அக்டோபரில் வந்த இரண்டாவது ஸ்கைலைன்ஸ் அவனுடைய லெப்டொப்பில் ஓடாது. யூடியூபில் பார்க்கிறான். அதில் கீழே கடையும் மேலே வீடும் உள்ள கலப்புக் கட்டிடத்துக்கென்று ஒரு தனி வகை வந்திருக்கிறது. அதற்கு முந்தைய வருடம் முதல் ஸ்கைலைன்ஸுக்கு வந்த ஒரு விரிவாக்கம், வாகனம் நுழையாத நடைவீதிகளைக் கொண்டுவந்தது. சிம்சிட்டி வந்து 34 வருடத்துக்குப் பிறகு விளையாட்டு ஒரு படி இறங்கி வந்திருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் அங்கே கலப்பு என்றால் மாடிக் கட்டிடம். ஒரு தட்டு ஓட்டு வீட்டின் விறாந்தை அதிலும் கிடையாது.

எங்கள் ஊருக்கு ஆகக் கிட்ட வந்த விளையாட்டு எது என்று கேட்டால் நான் எதிர்பாராத ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரலில், முழுமையடையும் முன்பே விற்பனைக்கு வந்த ‘மேனர் லோர்ட்ஸ்’. இடைக்கால ஐரோப்பியக் கிராமத்தைக் கட்டும் விளையாட்டு. அதில் வீட்டு நிலத்தை நாலு மூலை குறித்து நாமே வரையலாம், கோணலாகவும் வரையலாம். நிலம் நீளமாக இருந்தால் பின்பக்கத்தில் மரக்கறித் தோட்டம் வரும், கோழிக்கூடு வரும், பட்டறை வரும். இடம் மிச்சம் இருந்தால் அதே நிலத்தில் இன்னொரு குடும்பமும் குடியேறும். அதைக் காட்டியபோது மருமகன், “இது வளவுதானே மாமா” என்றான். ஐரோப்பாவின் அறுநூறு எழுநூறு வருடப் பழைய கிராமம் அவனுக்குச் செட்டிபாளையமாகத் தெரிந்தது. ஐரோப்பியர்களும் ஒருகாலம் வளவில்தான் இருந்தார்கள். நிறம் பிறகு வந்தது.

இனி வாகனத்துக்கு வருகிறேன். இந்த விளையாட்டுகள் மறைத்து வைத்திருக்கும் பெரிய உண்மை அங்கேதான் இருக்கிறது.

2013இல் வந்த புதிய சிம்சிட்டியின் முதன்மை வடிவமைப்பாளர் ஸ்டோன் லிப்ராண்டே அப்போது ஒரு செவ்வியில் சொன்ன செய்தி இது. உண்மையான அமெரிக்க நகரங்களில் கடைகளையும் வாகனத் தரிப்பிடங்களையும் அவர் அளந்து பார்த்தார். தரிப்பிடம் கடையைவிட எவ்வளவோ பெரிதாக இருப்பது கண்டு திகைத்துப் போனார். அதை உள்ளபடி வைத்தால் விளையாட்டு முழுக்க வெறும் தார்த் திடலாகிவிடும், யாரும் விளையாட மாட்டார்கள் என்று, தரிப்பிடமெல்லாம் நிலத்துக்குக் கீழே இருப்பதாக வைத்துக்கொண்டார்கள். முதல் ஸ்கைலைன்ஸிலும் ஒருவர் தேவைப்பட்டால் பையிலிருந்து எடுப்பதுபோல ஒரு காரை எடுத்து ஓட்டிப் போவார். வீதியில் வாகனம் மோதி யாரும் சாவதும் அதில் இல்லை. காரைச் சுமக்கும் நகரம் அழகாக இருக்கிறது என்று கோடிக்கணக்கானோர் நம்பும்படி திரை காட்டியது. அந்த அழகுக்கு விலையாகப் போகும் நிலத்தைத் திரை காட்டவில்லை.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு கீலம் நிலத்தில் இருக்கும் எங்களிடம் அப்படிக் கொடுக்க நிலம் இல்லை. நிலத்துக்குக் கீழே தோண்டினால் தண்ணி. 

எங்கள் ஊரை ஊடறுத்துப் போவது கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய வழியாக மட்டக்களப்புக்கு வரும் ஏ4 வீதி. போர் முடிந்த 2009க்குப் பிறகு இந்தப் பக்கத்து வீதிகள் அகலமாகிக் காப்பெட் போடப்பட்டன. அதற்கு நாங்கள் ஏங்கிக் கிடந்தோம். நோயாளியை மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் நேரம் குறைந்தது. அதை நான் மறக்கவில்லை. ஆனால் ஊரின் நடை இந்த வீதியின் நீளத்துக்குப் போவதில்லை, குறுக்கே போகிறது. காலையில் கடற்கரையிலிருந்து மீன் மேற்கே வரும். பின்னேரம் பிள்ளைகள் கிழக்கே கடலுக்குப் போவார்கள். வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வயல் உள்ளவர்கள் குருக்கள்மடத்துத் துறைக்குப் போய் அம்பிளாந்துறைக்குக் கடப்பார்கள். வாவியைக் கடக்கும் அந்த மிதவைக்கு எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்றே பெயர். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் நாட்களில், திருக்குளிர்த்தி இரவில், இரண்டு பக்கத்துச் சனமும் குறுக்கும் நெடுக்குமாக நடந்தபடி இருக்கும். ஊரின் ஒவ்வொரு தேவையும் ஏ4 வீதியை ஒருமுறை கடந்துதான் நிறைவேறுகிறது.

அந்தக் கடக்கும் இடம்தான் இப்போது கெட்டுக்கொண்டிருக்கிறது. குடிமனைப் பகுதியில் கார் மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். காப்பெட் வீதி அந்தச் சட்டத்தை வாசிக்க விடாது. நேரான, வழுக்கும், அகலமான வீதியைக் கண்டால் எந்தச் சாரதிக்கும் கால் தானாக அழுத்தும். போன மாதம் அம்மா எதிர்ப்பக்கம் போகப் பையோடு நின்றார். மருமகன் ஃபோனில் நேரம் பார்த்தான். நான்கு நிமிடம். அம்மாவுக்கு 74 வயது. எதிர்ப்பக்கத்து வீடுகளில் அவருக்கு முன்பு வாடிக்கையாளர் நிறைய இருந்தார்கள். இப்போது அந்தப் பக்கத்துப் பிள்ளைகளைத் தாய்மார் கடைக்கு அனுப்புவதில்லை. கடை ஒன்று மூடப்படுவதற்கு நிறம் பூசத் தேவையில்லை. கடந்து வர முடியாத வீதி போதும்.

இதற்கு யார் பொறுப்பு என்று விசாரித்தால் இரண்டு கதவு இருக்கிறது. பிரதான வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம். குறுக்கு வீதிகள் களுவாஞ்சிகுடியில் இருக்கும் மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச சபையைச் சேர்ந்தவை. ஒன்று நெடுக்கே பார்க்கிறது, மற்றது குறுக்கே பார்க்கிறது. இரண்டும் சந்திக்கும் முகப்பை, அம்மா நான்கு நிமிடம் நின்ற இடத்தை, தன் வேலையாக எடுத்துக்கொள்ள யாரும் இல்லை.

ஊரை ஒரே நிறமாகப் பூசினால் என்ன நடக்கும் என்பதை விளையாட்டில்தான் பார்க்க வேண்டும் என்றில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாங்கள் கண்ணால் கண்டோம். ஆழிப்பேரலை வந்த கையோடு அரசு தெற்கு, மேற்குக் கரையில் 100 மீற்றர், வடக்கு, கிழக்குக் கரையில் 200 மீற்றர் வரை யாரும் வீடு கட்டக் கூடாது என்றது. பின்னர் அது தளர்த்தப்பட்டாலும், கடற்கரையில் இருந்த பலர் உள்ளே மாற்றப்பட்டார்கள். மட்டக்களப்பு நகரத்துக்கு வடக்கே திராய்மடுவில் எழுந்த குடியேற்றத்தைப் பலர் அறிவார்கள். வரிசை வரிசையாக ஒரே அளவு வீடு. வீடு கட்டிக் கொடுத்தவர்களின் மனசு நல்ல மனசு. கடல் மீதிருந்த பயமும் உண்மை. ஆனால் அளந்து கொடுத்த சிறு துண்டில் நாளை மகளுக்கு இன்னொரு வீடு எழ இடமில்லை. கடலில் தொழில் செய்தவர் கடலுக்குப் போகக் காசு கொடுத்து வாகனம் ஏற வேண்டியதானது. ‘குடும்பத் தலைவர்’ என்று ஆண்களின் பெயரில் வீட்டைப் பதியும் வழக்கத்தை, வீடு பெண்வழியில் போகும் எங்கள் பகுதிக்குள்ளும் கொண்டுவந்தபோது கிழக்கின் பெண்கள் அமைப்புகள் குரல் எழுப்பின. வரைபடத்தில் வீடு இருந்தது. வளவு இல்லை.

ஸ்கைலைன்ஸுக்கு 2016இல் வந்த இயற்கை அனர்த்த விரிவாக்கத்தில் ஆழிப்பேரலைக்கு ஒரு பொத்தான் இருக்கிறது. மருமகன் அலைக்குப் பிறகு பிறந்தவன். அவன் வார்த்த செட்டிபாளையத்தின் மேல் அதை ஒருமுறை அழுத்தினான். அக்கா பின்னால் நின்றார். ஒன்றும் பேசாமல் வந்து லெப்டொப்பை மூடிவிட்டார். அடுத்த நாள் அவன் கடற்கரையோரம் இரண்டு வரிசை தாழையும் தென்னையும் நட்டிருந்தான். வாவிப் பக்கம் ஓட ஒவ்வொரு குறுக்கு வீதியையும் அகலமாக்கியிருந்தான். அலை வந்த நாளில் சனம் ஓடியதும் அந்தக் குறுக்கு வீதிகளால்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

குறுக்கு வீதி எங்களைக் காப்பாற்றிய இன்னொரு வருடம் 2022. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகள் தவிர மற்றவர்களுக்கு எரிபொருள் விற்பதையே அரசு நிறுத்தியது. கொழும்பில் இருந்த நண்பர்கள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவும் அரிசி வாங்கவும் பட்ட பாட்டைத் தொலைபேசியில் கேட்டேன். செட்டிபாளையத்தில் பட்டினிப் பயம் இருந்தது, விலை கழுத்தை நெரித்தது, ஆனால் ஊர் நிற்கவில்லை. மீன் நடந்து வந்தது. களுதாவளை வெற்றிலையும் மரக்கறியும் சைக்கிளில் வந்தன. அம்மாவின் கடைக் கொப்பியில் கடன் எழுதி அரிசி போனது. யார் எந்த வீடு, எப்போது திருப்பித் தருவார் என்பது அவருக்குத் தெரியும். வீடும் கடையும் ஒரே வளவில் இருந்ததால் அந்தக் கடன் சாத்தியமானது.

இந்த விளையாட்டுகளைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கச் சொல்லி நான் எழுதவில்லை. அவர்கள் கையில் இருக்கும் அந்த ஆர்வத்தை ஊருக்குக் கொண்டுவரலாம். ஐ.நா. குடியிருப்புத் திட்டமான யு.என்.-ஹபிடாட், ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டைத் தயாரிக்கும் மொஜாங் நிறுவனத்தோடு சேர்ந்து 2012 முதல் ‘புளொக் பை புளொக்’ என்ற திட்டத்தை நடத்தி வருகிறது. கென்யா, கொசோவோ, நேபாளம் எனப் பல நாடுகளில் சாதாரண மக்கள், பள்ளிப் பிள்ளைகள்கூட, தங்கள் தெருவையும் சந்தையையும் விளையாட்டுக்குள் கட்டி, எது மாற வேண்டும் என்று அதிகாரிகளுக்குக் காட்டுகிறார்கள். மைன்கிராஃப்டில் பச்சை, நீலம் என்ற கட்டாயம் இல்லை. ஒரு கட்டியின் மேல் எந்தக் கட்டியும் வைக்கலாம். பெத்தாவின் கடை அதில் ஒரு பின்னேரத்தில் முடிந்துவிட்டது, விறாந்தைத் தூண் சாய்ந்திருப்பது உட்பட.

நூறு வருடத்துக்கு முன்பு பட்ரிக் கெடிஸ் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1914, 1915இல் மதராஸ் மாகாணத்து ஊர்களையும், 1921இல் கொழும்பையும் பார்வையிட்டுத் திட்டங்கள் எழுதினார். வரைவதற்கு முன் தெருத்தெருவாக நடந்து பார்க்க வேண்டும், இடித்துத் தள்ளாமல் தேவையான இடத்தில் சிறு வெட்டு மட்டும் வெட்ட வேண்டும் என்பது அவரின் முறை. எங்களுக்குத் தேவையான வெட்டும் சிறியதுதான். ஒவ்வொரு குறுக்கு வீதியும் ஏ4 வீதியைத் தொடும் இடத்தில் வீதி மட்டத்திலிருந்து சற்று உயர்த்திய ஒரு மஞ்சள் கடவை. ஊர் எல்லைக்குள் மணிக்கு 30 கிலோமீற்றர். நடப்பவர்களும் வாகனங்களும் கலக்கும் இடங்களில் அந்த வேகத்தைத் தாண்ட விடாதீர்கள் என்று 2020 பெப்ரவரியில் வீதிப் பாதுகாப்புக்காக ஸ்டொக்ஹோமில் கூடிய நாடுகளின் பிரகடனமும் சொல்கிறது. இருபக்கமும் கால் வைத்து நடக்க, கான் மூடிய ஒரு நடைபாதை. நாளைக்கு எங்கள் பகுதிக்கு நில வரைபடம் வரும்போது வளவுக்கென்று ஒரு நிறத்தைத் தேடாத பெருந்தன்மை. வீட்டோடு கடை, கடையோடு பட்டறை, பின்பக்கத்தில் மகளுக்கு வீடு, மூன்றையும் ஒரே துண்டில் அனுமதிக்கும் ஒரு வரி.

வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறியியலாளர்களையும் பிரதேச சபை உறுப்பினர்களையும் நான் கேட்பது ஒன்றுதான். ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு, பள்ளி தொடங்கும் முன்பு, சேர்ந்து வாருங்கள். வாகனத்தைக் குருக்கள்மடத்தில் விட்டுவிட்டு அங்கிருந்து தேற்றாத்தீவு வரை நடங்கள். ஒவ்வொரு குறுக்கு வீதி முகப்பிலும் ஒருமுறை கடந்து திரும்புங்கள். எங்கள் பெடியன் கட்டிய ஊரைக் காட்ட அம்மாவின் கடை விறாந்தையில் லெப்டொப்போடு நாங்கள் காத்திருப்போம்.